தூரம்

எல்டன் ப்ரூஸ்டர் கடையில்
கண்ணாடிப் பெட்டிக்கு மேலே கலைமான் கொம்புகள்,
அதிலொன்றில் யாரோ மறந்துபோன கையுறை.
முதல் துப்பாக்கியா, மார்வா, என்றான்.
அப்பாவுடையதைச் சுட்டிருக்கிறேன்.
ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒருமுறை இழுக்க வேண்டும்,
இழுக்கிற நேரத்தில் ஒருமுறை யோசிக்கலாம்.
இது அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும் என்றான்,
யோசனையை மட்டும் நீ ஏற்ற வேண்டும்.

எதற்கு?

கயோட்டிக்கு, என்றேன்.
மார்ச்சிலிருந்து ஒன்பது குட்டிகள் போயின.
வேலியோரம் கம்பளி மட்டும் கிடக்கும்,
பனியில் நனைந்து, காற்றுக்கும் அசையாமல்.
இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

ரப்பர் பாயின்மேல் இரண்டைக் கிடத்தினான்.
இருபது அங்குலக் குழல். பதினாறு அங்குலக் குழல்.
நாலங்குலத்தில் என்ன வந்துவிடப் போகிறது?
குண்டு ஓடிப் பழக இடம், என்றான்.
முந்நூறு கஜத்தில் அந்த நாலங்குலம் பேசும்.
நீண்டதில் உதை தோளைத் தள்ளும்,
குட்டையில் சுருக்கென்று குத்தும்;
உள்ளே ஓடுகிற வாயுவின் அவசரம் அது.
குட்டை எடை குறைவு. டிரக் கதவில் இடிக்காது.
பின்கட்டையை உள்ளே தள்ளலாம், வெளியே இழுக்கலாம்,
குளிர்காலக் கோட்டுக்கு ஒரு துளை,
கோடைச் சட்டைக்கு ஒரு துளை.
ஸ்கோப்பா, சிவப்புப் புள்ளியா?
புள்ளி கிட்டத்துக்கு. ஸ்கோப் எட்டத்துக்கு.
எல்லாம் தூரம்தான், மார்வா.
தூரத்தைச் சொல், துப்பாக்கியைச் சொல்கிறேன்.

நான் இடக்கைக்காரி.
வெற்றுத் தோட்டா வலப்பக்கம் துள்ளும்,
என் மூக்குக்கு முன்னால்.
கத்தரிக்கோல், டின் திறப்பான், பள்ளிக்கூட மேசை,
இப்போது இதுவும்.
திருப்பிவிட ஒரு புடைப்பு இருக்கிறது பார்,
என்று விரலால் தொட்டுக் காட்டினான்.
காவல் பொத்தானை இரண்டு பக்கமும் வைத்துத் தருகிறேன்,
நாற்பது டாலர் கூட.

குட்டையைத் தூக்கினேன்.
தோளில் ஏறியதும் அது என்னுடையதாகிவிட்டது.
கடையின் பின்கதவைப் பார்த்தேன். பெயர்ப்பலகையை அல்ல,
கதவின் பிடியை.
பிடியிலிருந்து நான் நிற்கும் இடம் வரை எண்ணினேன்.
பதினோரு அடி.
என் சமையலறைக் கதவும் அவ்வளவுதான்.
டெரல் விடுதலையாவது செப்டம்பரில்.

எல்டன் அந்தக் கதவைப் பார்க்கவில்லை.
என்னையும் பார்க்கவில்லை.
ஏற்கெனவே சுத்தமாயிருந்த கண்ணாடியைத் துடைத்தான்.
அப்புறம், மெதுவாக:
கயோட்டி கதவைத் தட்டிக்கொண்டு வராது.

சுவர்க் கடிகாரம் ஓடவில்லை என்று
அப்போதுதான் கவனித்தேன்.

பதினோரு அடிக்கு ஒன்று வாங்கினால்
அந்தப் பதினோரு அடிக்குள்தான்
குடியிருக்க வேண்டியிருக்கும்.
பல் துலக்கும்போதும்,
முட்டை பொரிக்கும்போதும்,
பூனை மரப்படியில் குதிக்கும்போதும்
பின்கட்டையைக் கன்னத்தில் வைத்தபடி.

இருபதைக் கொடு, என்றேன்.

படிவம் வந்தது.
நீங்கள்தான் உண்மையில் வாங்குபவரா?
முதல் கேள்வியே அப்படி.
பேனா நின்றது.
பயம் வாங்க வந்தது, சரி.
கையெழுத்துப் போடுவது யார்?
ஆம் என்ற கட்டத்தில் குறியிட்டேன்,
இடக்கை மை இழுவி
பெயரின் பாதியைத் தேய்த்துவிட்டது.

போனில் எவனோ என் பிறந்த தேதியை எழுத்தெழுத்தாய்க் கேட்டான்.
காபி ஆறியது.
சரி, என்றான் எல்டன், எடுத்துக்கொண்டு போகலாம்.

ஸ்கோப்பைக் கரடி மலை முகட்டுக்கு வைத்துப் பார்த்தேன்.
அங்கே ஒரு கல், கல்லின் நிழல்,
நிழலில் ஒன்றுமில்லை.
எவ்வளவு அழகான ஒன்றுமில்லை.

பெட்டியை டிரக்கின் பின்னால்
ஆட்டு உப்புக் கட்டிகளுக்கு நடுவே வைத்தேன்.
அடுத்த கடை இரும்புக் கடை.
கதவுக்குப் புதுப் பூட்டு ஒன்று,
மூன்றங்குல ஆணிகள் ஒரு பொட்டலம்,
கதவுச் சட்டத்துக்கு எஃகுத் தகடு.
அவனும் கேட்டான்:
எதற்கு?

தூரத்துக்கு, என்றேன்.